ஒட்டுவாரொட்டி

யாசோன் அந்தச் சொல்லை
முதலில் கேட்டது ஆஸ்பத்திரியில் அல்ல.
மாங்கனீசுச் சுரங்கத்து அலுவலகத்தில்,
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்த ஒரு ஜனவரியில்.

மூன்றாம் சுரங்கத்தில் பதினாறு பேர்
மேலே ஏறி வர மறுத்து உட்கார்ந்துவிட்டார்கள்.
மறுநாள் ஐந்தாம் சுரங்கத்திலிருந்தும்
யாரும் வரவில்லை.
மேலாளர் வரைபடத்தின்மேல் விரலை ஓட்டித்
"தொற்று" என்றார்.
"பரவுமுன் வெட்டிவிட வேண்டும்."
அவருடைய அப்பா மாட்டு வைத்தியர் என்பது
பிற்பாடு தெரிந்தது.

வெட்டினார்கள்.
பட்டியலில் யாசோன் நான்காவது பெயர்.

பாதத்தில் ஆணி ஏறியது அதற்கு முந்தைய வாரம்.
பார்க்கலாம், பார்க்கலாம் என்றிருந்தான்.
போராட்டம் முடியட்டும்,
கூலி பாக்கி வரட்டும்,
பாதையில் பனி கரையட்டும்.

ஜார்ஜியர்களின் மொழியில்
தள்ளிப்போடுவதும் தொற்றவைப்பதும்
ஒரே வேரில் முளைத்த வினை.
ஒன்றை எடுத்து அப்பால் வைப்பது.
நாளையின் மேல்,
அல்லது பக்கத்தில் நிற்பவன் மேல்.

திபிலிசி. ஐந்தாம் மாடி.
அறுவை மருத்துவர் முழங்காலுக்குக் கீழே
ஊதாப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.
"தொற்று. பரவுமுன்..."
மீதி வாக்கியத்தை
யாசோன் முடித்துக் கொடுத்தான்.

சியூரி அந்தக் கோட்டைப் பார்த்தாள்.
பதினோரு நாள் கேட்டு வாங்கினாள்.
அவள் கொண்டுவந்த கண்ணாடிக் குப்பிகளில்
தண்ணீர்போல் ஏதோ இருந்தது.

"மருந்தா?"
"வைரஸ்."
"எங்கே பிடித்தீர்கள்?"
"ஆற்றில். சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே."

யாசோன் நெடுநேரம் எதுவும் கேட்கவில்லை.

"உன் காலில் இருக்கும் கிருமிக்கும் நோய் வரும்.
இது அதனுடைய நோய்."

"அதற்குக் காய்ச்சல் அடிக்குமா?"

பக்கத்துக் கட்டிலில் பெசாரியோன்.
நெஞ்சில் குழாய், சிரிக்கக் கூடாதென்று உத்தரவு.
சிரித்துவிட்டான்,
தையலைக் கையால் அழுத்திக்கொண்டு,
அம்மா அம்மா என்று.
அது தரை துடைத்தவளிடம் போயிற்று.
சூப் வண்டி தள்ளி வந்த பையனிடம் போயிற்று,
எதற்குச் சிரிக்கிறோம் என்று
அவனுக்குத் தெரியவே தெரியாது.
சியூரி முகமூடி போட்டிருந்தாள்.
பிரயோஜனம் இல்லை.

என் மொழியிடம் கேட்டுப் பார்க்கிறேன்.
புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் படியில் தொற்றுகிறோம்,
ஒரு கம்பி, ஒரு விரல் இடம் கிடைத்தால் போதும்.
பயம் தொற்றுகிறது. பரபரப்பு தொற்றுகிறது.
பழைய சொல் ஒன்று இருக்கிறது, ஒட்டுவாரொட்டி:
ஒட்டுகிறவரோடு ஒட்டிக்கொள்வது.
நோயைச் சொல்ல வந்த சொல்லுக்குள்
நோயைத் தேடினேன், இல்லை.
இரண்டு பேர் நெருங்கி நின்றது மட்டும்
இருந்தது.

ஆறாம் நாள் கட்டைப் பிரித்தபோது
நாற்றம் குறைந்திருந்தது,
அல்லது குறைந்ததென்று எல்லோரும் சொன்னார்கள்.
பதினோராம் நாள்
இரண்டு விரல் மட்டும் போயிற்று.
ஊதாக் கோடு
எத்தனை முறை துடைத்தும்
ஏப்ரல்வரை மங்கலாய்க் கிடந்தது,
யாரோ போடவந்து
போடாமல் போன எல்லைபோல.

ஊருக்குப் போகும் ரோப் காரில்
எதிர் இருக்கையில் மேலாளரின் டிரைவர்.
கேட்டுக்கு வெளியே யாசோனைத் தள்ளிய கை
இப்போது ரொட்டிப் பையைப் பிடித்திருந்தது.
பேச்சில்லை.
பள்ளத்தாக்கின் நடுவில்
மின்சாரம் போய்க் கூண்டு நின்றது.
கீழே மாங்கனீசு கரைந்த கறுப்பு ஆறு.

யாசோன் கைத்தடியை மடியில் வைத்தான்.
இரவு முழுக்க ரயிலில் தூக்கமில்லை,
வாயைப் பிளந்து
ஒரு கொட்டாவி விட்டான்.

டிரைவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினான்.
தாடையை இறுக்கினான்.
துருப்பிடித்த கோபுரத்தைப் பார்த்தான்,
ஆற்றைப் பார்த்தான்,
கண்ணில் நீர் கோத்துக்கொண்டது,

தாங்கவில்லை.